பாட்டி கடைசியாகப் பேசியது எப்போது?

போன வாரம் காலை நிகழ்ச்சியை முடித்துவிட்டுப் பசியாறப் போன இடத்தில், தோழி ஒருத்தி முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அப்பாவின் பழைய படங்களையும் ஒலிப்பதிவுகளையும் புதிய ஹார்ட் டிஸ்க்குக்கு மாற்றினாளாம். இப்போது எல்லாக் கோப்புகளிலும் ஒரே தேதி. போன சனிக்கிழமை.

"பத்து வருஷத்துத் தேதி எல்லாம் போச்சுடி. நான்தான் அழிச்சிட்டேன்."

அழியவில்லை என்று சொன்னேன். அவள் நம்பவில்லை. எனக்கு என் மாமாவின் ஞாபகம் வந்தது. அவரும் இதே வார்த்தைகளைத்தான் சொன்னார். அந்தக் கதையை அவளுக்குச் சொன்னேன். உங்களுக்கும் சொல்கிறேன். உங்கள் வீட்டு அலமாரியிலும் ஒரு ஹார்ட் டிஸ்க் கிடக்கும்.

என் பாட்டி சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். பேச ஆரம்பித்தால் நிறுத்த மாட்டார். மாமா ஒரு சின்ன ஒலிப்பதிவுக் கருவி வாங்கி, நேரம் கிடைத்தபோதெல்லாம் பாட்டி பேசுவதைப் பதிவு செய்தார். தோட்டத்துக் கதை, தாலாட்டு, கருவாட்டுக் குழம்புக்குப் பக்குவம், பக்கத்து வீட்டுப் புகார் என்று ஐந்து வருடத்தில் 71 பதிவுகள் சேர்ந்தன. 2018 செப்டம்பரில் பாட்டி போய்விட்டார்.

முதலாம் ஆண்டு திதி நெருங்கியபோது சித்தி ஒன்று கேட்டார். "அம்மா கடைசியாப் பேசினதை அன்னைக்கு எல்லாரும் உட்கார்ந்து கேட்கணும்."

நியாயமான ஆசை. ஆனால் எது கடைசி? கருவி கொடுத்த எண்களை எல்லாம் மாற்றி 'அம்மா தோட்டம்', 'அம்மா பாட்டு 2' என்று மாமா பெயர் வைத்திருந்தார். கோப்பின் ப்ராப்பர்ட்டீஸைத் திறந்து பார்த்தால் 71-க்கும் ஒரே தேதி: 2019 மார்ச் 9. பாட்டி இறந்து ஆறு மாதம் கழித்து! அன்றுதான் மாமா எல்லாவற்றையும் புது ஹார்ட் டிஸ்க்குக்கு நகல் எடுத்திருந்தார்.

சித்தி மாமாவுக்கு அக்கா. "ஒரு வேலையை உருப்படியாச் செய்யத் தெரியுதா உனக்கு? அம்மா பேசின நாளையே அழிச்சிட்டியே" என்று பிடித்துக்கொண்டார். மாமா பதிலே பேசவில்லை. ஐந்து வருடம் பாட்டி பக்கத்தில் உட்கார்ந்து பதிவு செய்தவர் அவர் ஒருவர்தான். ஹார்ட் டிஸ்க்கை ஒரு துணிப்பையில் போட்டு என்னிடம் கொடுத்தார். "நீ ரேடியோவுல இருக்க. உனக்குத் தெரிஞ்சதைப் பாரும்மா."

நான் படித்தது ஊடகத் துறை, கணினி இல்லை. ஆனால் நிலையத்தில் ஆயிரக்கணக்கான ஒலிக்கோப்புகளோடு மல்லுக்கட்டி, பைத்தான் மொழியில் சின்னச் சின்ன நிரல்கள் எழுதக் கற்றுக்கொண்டிருந்தேன். அதில் நான் அதிகம் பயன்படுத்துவது ஒரே ஒரு சொல். 'ஸ்டாட்'. ஸ்டேட்டஸ் என்பதன் சுருக்கம். கோப்பின் நிலவரம் என்ன என்று கணினியைக் கேட்பது.

பாட்டியின் தோட்டத்தை வைத்தே இதை விளக்கிவிடலாம். விடியற்காலையில் பெரட்டு நடக்கும். யார் வந்தார், யார் வரவில்லை என்று கிராணி செக்ரோல் புத்தகத்தில் குறிப்பார். ஒருவர் எத்தனை நாள் வேலை செய்தார் என்று தெரிய வேண்டுமானால் அவர் வீட்டுக் கதவைத் தட்ட வேண்டாம். கிராணியின் புத்தகத்தைப் பார்த்தால் போதும். கணினியிலும் அப்படி ஒரு செக்ரோல் இருக்கிறது. ஒவ்வொரு கோப்புக்கும் அதன் அளவு என்ன, யாருடையது, யார் திறக்கலாம், எப்போது தொட்டார்கள் என்பதெல்லாம் கோப்புக்கு வெளியே தனியாகப் பதிவாகியிருக்கும். 'ஸ்டாட்' அந்தப் புத்தகத்தைத்தான் புரட்டுகிறது. கோப்பைத் திறப்பதில்லை, அதில் ஓர் எழுத்தைக்கூட மாற்றுவதில்லை.

இது புதிய விஷயமும் இல்லை. 1971-இல் வந்த யூனிக்ஸ் முதல் கையேட்டிலேயே 'ஸ்டாட்' இருக்கிறது. பைத்தான், பெர்ல், பிஎச்பி, ரூபி என்று எந்த மொழியில் எழுதினாலும் அதே பெயரில் கேட்கலாம்.

கேட்டால் என்ன பதில் வரும்? முக்கியமாக மூன்று நேரங்கள் வரும். இங்கேதான் பலர் வழுக்கி விழுகிறார்கள்.

முதலாவது, கோப்பின் உள்ளடக்கம் கடைசியாக மாறிய நேரம். பைத்தானில் இதற்குப் பெயர் 'எம்-டைம்'. இரண்டாவது, கடைசியாகப் படிக்கப்பட்ட நேரம், 'ஏ-டைம்'. இதை அதிகம் நம்ப வேண்டாம். ஒவ்வொரு முறை படிக்கும்போதும் குறித்தால் வேகம் குறைகிறது என்று விண்டோஸும் லினக்ஸும் இதை ஒழுங்காகக் குறிப்பதைக் குறைத்துக்கொண்டுவிட்டன. மூன்றாவது 'சி-டைம்'. 'சி' என்றால் கிரியேட், அதாவது உருவாக்கிய நேரம் என்று நானும் வெகுநாள் நினைத்திருந்தேன். லினக்ஸிலும் மேக்கிலும் அது சேஞ்ச். செக்ரோலில் உள்ள குறிப்பு கடைசியாக மாறிய நேரம். விண்டோஸில் மட்டும் பைத்தான் அதே பெயரில் உருவாக்கிய நேரத்தைக் கொடுத்து வந்தது. இந்தக் குழப்பத்தால்தான் 3.12 பதிப்பிலிருந்து, விண்டோஸில் உருவாக்கிய நேரம் வேண்டுமென்றால் 'பர்த்-டைம்' என்று தனியாகக் கேளுங்கள் என்கிறார்கள்.

இப்போது மாமாவின் மார்ச் 9-க்கு வருவோம். விண்டோஸில் ஒரு கோப்பை வேறு டிஸ்க்குக்கு நகல் எடுத்தால், அந்த நகல் அங்கே 'பிறந்த' நாள் இன்றுதான். ஆகவே உருவாக்கிய தேதி புதிதாகிவிடும். ஆனால் உள்ளடக்கம் மாறவில்லையே? அதனால் எம்-டைம் பழையபடியே கூடவே வந்துவிடும். பெயரை மாற்றினாலும் எம்-டைம் மாறாது. ப்ராப்பர்ட்டீஸில் முதல் வரியில் நிற்பது உருவாக்கிய தேதி. மாமா அதைப் பார்த்துவிட்டு மனம் உடைந்துபோனார். அதற்கு அடுத்த வரியில் உண்மைத் தேதி இருந்தது. மாறிய நாள் உருவான நாளுக்கு முந்தியதாக இருந்தால் பயப்படாதீர்கள். அது நகல் என்பதற்கு அதுவே அடையாளம்.

"மாமா, நீங்க எதையும் அழிக்கல" என்று கைப்பேசியில் சொன்னேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.

ஃபோல்டரிலேயே தேதி வாரியாக அடுக்கலாமே, நிரல் எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். பத்துக் கோப்பு என்றால் அதுவே போதும். எனக்கு விநாடி வரை வேண்டும், பதிவின் நீளம் வேண்டும், எல்லாம் ஒரு பட்டியலாக வேண்டும். நிரலும் பெரிதில்லை. ஃபோல்டரில் உள்ள ஒவ்வொரு கோப்பாக எடு, 'ஸ்டாட்' கேள், அளவையும் எம்-டைமையும் வாங்கு, தேதியாக மாற்று, வரிசைப்படுத்து, எழுதி வை. பத்து வரிகூட வராது.

தேதியாக மாற்று என்று ஏன் சொன்னேன் தெரியுமா? 'ஸ்டாட்' தருவது தேதி இல்லை, ஓர் எண். 1970 ஜனவரி 1, கிரீன்விச் நள்ளிரவிலிருந்து எத்தனை விநாடி ஆகிறது என்ற கணக்கு. 150 கோடி என்று வந்தால் அது 2017 ஜூலை 14, நம் நேரப்படி காலை 10.40. அந்தக் கணக்கு பூஜ்யத்தில் தொடங்கியபோது கோலாலம்பூரில் மணி என்ன? எட்டு இல்லை, ஏழரை! தீபகற்ப மலேசியாவும் சிங்கப்பூரும் கடிகாரத்தை அரை மணி நேரம் முன்னே தள்ளியது 1982 ஜனவரி 1-இல்தான். நம் பெற்றோரைக் கேட்டால் சொல்வார்கள்.

அளவிலும் ஒரு தகவல் ஒளிந்திருக்கிறது. மாமாவின் கருவி பதிவு செய்தது சுருக்காத வேவ் கோப்பு. ஒரு விநாடிக்கு 44,100 மாதிரிகள், ஒவ்வொன்றும் 2 பைட், ஒற்றைத் தடம். ஆக விநாடிக்கு 88,200 பைட். முன்னால் தலைப்புக் குறிப்புக்கு 44 பைட். மொத்த அளவில் 44-ஐக் கழித்து 88,200-ஆல் வகுத்தால் பாட்டி எத்தனை விநாடி பேசினார் என்று கேட்காமலே தெரிந்துவிடும். இரண்டு கோப்புகள் சரியாக 44 பைட் மட்டுமே இருந்தன. மாமா பொத்தானை அழுத்தி உடனே நிறுத்தியிருக்கிறார். உள்ளே ஒன்றும் இல்லை.

இந்த இடத்தில் நான் செய்த தவற்றையும் சொல்லிவிட வேண்டும். பட்டியல் எடுப்பதற்கு முதல் நாள் இரவு, ஆசை தாங்காமல் 'அம்மா சமையல்' என்ற கோப்பைத் திறந்தேன். மின்விசிறி இரைச்சல் காதைக் குடைந்தது. தொழில் புத்தி சும்மா இருக்குமா? இரைச்சலை நீக்கி, அதே பெயரில் சேமித்துவிட்டேன். அவ்வளவுதான். மறுநாள் பட்டியலில் அந்தக் கோப்புக்கு மட்டும் முந்தைய இரவு 10.47 என்று வந்தது. அழிக்காத மாமாவுக்குத் திட்டு விழுந்தது. உண்மையில் அழித்தவள் நான்.

வேறொன்றும் காட்டிக்கொடுத்தது. இந்த மாதிரிக் கருவிகளின் நினைவக அட்டைகள் பெரும்பாலும் ஃபேட் என்ற பழைய முறையில் இயங்குபவை. அதில் மாறிய நேரம் இரண்டு விநாடிக்கு ஒரு முறைதான் பதிவாகும். அதனால் கருவியிலிருந்து வந்த எல்லாக் கோப்புகளிலும் விநாடி இரட்டைப்படையாக இருந்தது. நான் கை வைத்ததில் மட்டும் ஒற்றைப்படை. அந்தத் தேதி இன்றுவரை திரும்பவில்லை. பின்னணியில் தாத்தா இருமுவது கேட்கிறது. அவர் 2016-இல் இறந்தார். ஆகவே அதற்கு முந்தைய பதிவு, கடைசிப் பதிவு இல்லை என்ற அளவில் தப்பித்தோம்.

சரி, பட்டியலின் கடைசியில் எது நின்றது? 2018 ஏப்ரல் மாதத் தாலாட்டு. கொள்ளுப் பேத்தியை மடியில் போட்டுக்கொண்டு பாட்டி பாடியது. சித்திக்குச் சந்தோஷம். "நான் அப்பவே சொன்னேன், இதுதான் கடைசின்னு."

நானும் அதோடு விட்டிருப்பேன். ஆனால் பட்டியலின் உச்சியில் ஆறு கோப்புகள் உறுத்திக்கொண்டே இருந்தன. தேதி 2010 ஜனவரி 1-இல் தொடங்கி ஏப்ரல் வரை. 2010-இல் மாமாவிடம் அந்தக் கருவியே கிடையாது!

மாமாவைக் கேட்டேன். "பேட்டரி ஒரு தடவை சுத்தமாத் தீர்ந்துபோச்சும்மா. புதுசு போட்டேன். தேதி கேட்டுச்சு. அதெல்லாம் யாரு அமுக்குறது?"

புரிந்துவிட்டது. பேட்டரி தீர்ந்ததும் கருவியின் கடிகாரம் தன் தொடக்க நாளுக்கே போய்விட்டது. கிராணி நேர்மையானவர்தான். ஆனால் அவர் பார்த்து எழுதிய கடிகாரம் தப்பு. 'ஸ்டாட்' சொல்லும் நேரம், அதைப் பதித்த கருவியின் கடிகாரம் எவ்வளவு உண்மையோ அவ்வளவுதான் உண்மை.

ஆனால் ஒன்று. தப்பான நாளில் தொடங்கினாலும் கடிகாரம் அதன்பின் ஒழுங்காகத்தான் ஓடியிருக்கும். ஆறு கோப்புகளுக்கும் இடையே உள்ள நாள் கணக்கு சரியாக இருக்கும். அவற்றில் ஒன்றின் உண்மை நாள் தெரிந்தால் மற்ற ஐந்தும் தானாக வந்து உட்கார்ந்துவிடும்.

ஹெட்போனை மாட்டிக்கொண்டு ஒவ்வொன்றாகக் கேட்டேன். இந்த முறை நகலில்! இரண்டாவது கோப்பில் பாட்டி ஏதோ பேச, பின்னால் தொலைக்காட்சி அலறுகிறது. தொகுதி வாரியாக வாக்கு எண்ணிக்கை. நாடே தூங்காத 2018 மே 9-ஆம் தேதி இரவு! 14-ஆவது பொதுத்தேர்தல் முடிவுகள். நாங்கள் நிலையத்தில் விழித்திருந்த அதே நேரத்தில், ஈப்போவில் பாட்டியும் விழித்திருந்து, "யாரு ஜெயிச்சா என்ன, நாளைக்கு விறகடுப்புக்கு யாரு சாம்பல் அள்ளுறது" என்று மாமாவிடம் கேட்டுக்கொண்டிருந்தார்.

அந்தக் கோப்பின் எம்-டைம் 2010 ஜனவரி 7. ஆறில் கடைசிக் கோப்பு 2010 ஏப்ரல் 20. இடையே 103 நாள். மே 9-உடன் 103 நாளைக் கூட்டினால் 2018 ஆகஸ்ட் 20. ஒரு நாள் முன்பின் இருக்கலாம்.

பட்டியலில் ஆகப் பழையவற்றோடு உட்கார்ந்திருந்த கோப்புதான் உண்மையில் ஆகக் கடைசி. மாமா அதற்குப் பெயர்கூட வைக்கவில்லை. அளவு 11,113,244 பைட். கணக்குப் போட்டால் 126 விநாடி. இரண்டு நிமிடம், ஆறு விநாடி.

கேட்டேன். கதையும் இல்லை, பாட்டும் இல்லை. பாட்டியின் குரல் தளர்ந்திருந்தது. "நாளான்னைக்கு ஹஜ்ஜுப் பெருநாளு. பக்கத்து வீட்டு மக்சிக் மங்கு நம்ம வீட்டுலயே கெடக்கு. திருப்பிக் குடு. வெறும் மங்காக் குடுக்காத, ஏதாச்சும் போட்டுக் குடு." பிறகு மாமா சாப்பிட்டாரா என்று ஒரு கேள்வி. "இது இன்னும் ஓடுதா? நிறுத்து, பேட்டரி தீந்துறப் போவுது."

2018-இல் ஹஜ்ஜுப் பெருநாள் ஆகஸ்ட் 22. பாட்டி சொன்ன 'நாளான்னைக்கு' நான் போட்ட கணக்கோடு பொருந்தியது. கோப்பின் தேதியும் பாட்டியின் வாய்ச்சொல்லும் ஒன்றையொன்று உறுதி செய்துகொண்டன. நான் இரவு ஒரு மணிக்குத் தனியாக உட்கார்ந்து அழுதேன்.

திதி அன்று அதைத்தான் போட்டோம். சித்தி முழுதாகக் கேட்டுவிட்டு, மாமாவிடம் ஒன்றும் சொல்லாமல் அவருக்குத் தானே சோறு போட்டார். எங்கள் வீட்டில் மன்னிப்பு என்பது அப்படித்தான் வரும். மாமாதான் சோற்றைப் பிசைந்துகொண்டே கேட்டார். "அந்த மங்கைக் குடுத்தேனா இல்லையா?" யாருக்கும் ஞாபகம் இல்லை.

இனி உங்களுக்கு. உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு சேகரிப்பு இருந்தால் முதல் வேலை, தொடாதீர்கள். கேட்பதற்கு முன், வெட்டுவதற்கு முன், பாட்டின் பெயர், ஆல்பம் பெயர் என்று உள்ளே எழுதுவதற்கு முன், 'ஸ்டாட்' எடுத்துப் பட்டியலைச் சேமியுங்கள். பெயர், அளவு, எம்-டைம் மூன்றும் போதும். நிரல் தெரியாவிட்டால் பரவாயில்லை. மேல்நிலைப் பள்ளியில் கணினி படிக்கும் அண்ணன் மகனோ அக்கா மகளோ அரை மணி நேரத்தில் எழுதித் தருவார்கள். அவர்களுக்கும் அது பாட்டியோடு ஒரு பழக்கம்.

இரண்டாவது, நகலில் வேலை செய்யுங்கள், மூலத்தில் வேண்டாம். பைத்தானில் நகல் எடுப்பதற்கு 'காப்பி' என்றும் 'காப்பி2' என்றும் இரண்டு உண்டு. முதலாவது எம்-டைமை விட்டுவிடும். இரண்டாவது கூடவே கொண்டுவரும். லினக்ஸிலும் மேக்கிலும் 'சிபி' கட்டளையோடு '-பி' சேர்த்தால் தேதி தங்கும், சேர்க்காவிட்டால் இன்றைய தேதிதான்.

மூன்றாவது, புலனத்தில் அனுப்பிக் காப்பாற்றிவிட்டோம் என்று நினைக்காதீர்கள். அந்தப் பக்கம் போய்ச் சேரும் கோப்புக்குச் சேர்ந்த நாள்தான் தேதி. படமாக அனுப்பினால், கேமரா படத்துக்குள்ளேயே எழுதி வைத்த எக்சிஃப் தேதியும் போய்விடும். அனுப்பியே ஆகவேண்டும் என்றால் ஸிப் கோப்பாகக் கட்டி அனுப்புங்கள். மூட்டைக்குள் ஒவ்வொரு கோப்பின் மாறிய தேதியும் பத்திரமாக இருக்கும்.

நான்காவது, எந்தக் கருவியில் பதிவு செய்தாலும் முதலில் கடிகாரத்தைச் சரியாக வையுங்கள். பதிவின் தொடக்கத்தில் இன்று என்ன தேதி என்று வாயாலும் ஒருமுறை சொல்லிவிடுங்கள். வானொலியில் எங்களுக்கு முதல் நாளே சொல்லிக் கொடுக்கும் பாடம் அது. கடிகாரம் தவறலாம், அட்டை பழுதாகலாம், நகல் எடுப்பவர் கை மறக்கலாம். குரல் சொன்ன தேதி குரலோடே இருக்கும்.

தோழி அன்று மாலையே வீட்டுக்குப் போய்ப் பார்த்தாள். இரவில் ஒரு குறுஞ்செய்தி வந்தது: "எல்லாம் இருக்குடி." கூடவே 71 இல்லை, 400-க்கும் மேற்பட்ட வரிகள் கொண்ட ஒரு பட்டியல். அப்பா இருந்த வருடங்கள் எல்லாம் வரிசையாக நின்றன.

அடுத்த ஞாயிறு சந்திப்போம். அதற்குள் அந்த ஹார்ட் டிஸ்க்கைத் தேடி எடுத்து வையுங்கள்.